காபி பசியை அடக்குமா? வாயைக் கட்ட நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு காபி, மத்தியானம் கண் சொருகும்போது இன்னொன்று, வேலை முடியவில்லையே என்று சாயங்காலம் மூன்றாவது. அப்புறம் ராத்திரி பத்தரைக்கு அலமாரியைத் திறந்தால் பிஸ்கட் பாக்கெட் தீரும் வரை கை நிற்காது, மறுநாள் "நமக்கு வாயைக் கட்டவே தெரியாது" என்று புலம்பல். பழியில் பாதியை அந்த மூன்றாவது கோப்பையின் மேல் தாராளமாகப் போடலாம்.

எல்லோரும் செய்யும் தவறு, காபி பசியை அடக்கிவிடும் என்று நம்பிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது. கொஞ்ச நேரம் பசி மட்டுப்பட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். 2018ல் வெளியான ஓர் ஆய்வில், காபியில் இருக்கும் ஊக்கப்பொருளான காஃபீனை உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் காலை உணவில் சுமார் 10 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள், ஆனால் அன்றைக்கே பிற்பாடு அதை ஈடுகட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கிலோவுக்கு 3 மில்லிகிராம் கொடுத்தபோது அந்தச் சின்னக் குறைவுகூட இல்லை. கூடக் குடித்தால் கூடப் பலன் என்ற கணக்கும் அடிபட்டுப் போகிறது.

அடுத்தது நேரம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு, இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அது போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகளில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால்தான் களைப்பு தெரியாமல் போகிறது. களைப்பு என்னவோ அங்கேயேதான் இருக்கிறது. குடித்த காஃபீனில் பாதி ரத்தத்திலிருந்து நீங்கவே பலருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு 150 மில்லிகிராம் உள்ளே போனால் பத்து மணிக்குக் கிட்டத்தட்ட 75 மிச்சம் இருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013ல் ஓர் ஆய்வு காட்டியது. "எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வரும்" என்பார்கள். வரலாம், ஆழம் குறைந்திருப்பது தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

தூக்கம் குறைந்தால் சாப்பாட்டில் என்ன ஆகும்? 2004ல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிடப்பட்ட இளைஞர்களுக்கு, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் இறங்கியது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் ஏறியது. போதாததற்கு, தூங்காத மூளையில் நிதானித்து முடிவெடுக்கும் முன்பகுதி மந்தமாகி, கலோரி அதிகமான உணவின் மேல் ஆசை கூடுவதை 2013ல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. இந்த நிலையில் வாயைக் கட்டு என்றால் எங்கே கட்டுவது?

சரி, தூங்கவில்லை, இன்னொரு காபி போட்டால் மன உறுதி திரும்பிவிடுமா? அதுவும் இல்லை. தூக்கம் கெட்டவர்களுக்குக் காஃபீன் எளிய கவன வேலையில் கைகொடுக்கிறது. வரிசை தப்பாமல் அடுத்தடுத்த படிகளைச் செய்யும் வேலையில் பெரும்பாலானவர்களுக்கு அது உதவவில்லை என்று 2021ல் ஒரு சோதனை காட்டியது. கண் திறந்திருக்கும், கடிவாளம் தளர்ந்தேதான் இருக்கும்.

காபி குடித்த கையோடு மளிகை வாங்கப் போவதையும் தவிர்க்கலாம். பிரான்ஸ், ஸ்பெயின் கடைகளில் நடந்து 2022ல் வெளியான ஆய்வில், நுழையும்போது இலவசமாகக் காஃபீனுள்ள காபி குடித்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் செலவழித்தார்கள். தேவைக்கு வாங்குவதைவிட ஆசைக்கு வாங்குவதுதான் கூடுகிறது, வீட்டுக்கு வந்த சிப்ஸை யார் விட்டுவைக்கப் போகிறார்கள்!

சர்க்கரையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். காஃபீன் இனிப்புச் சுவையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அதனால் கை தானாக இன்னொரு ஸ்பூன் போடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளையே காபியை அடியோடு நிறுத்தி, அதே நாளில் டயட்டும் ஆரம்பிப்பது இன்னொரு தவறு. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும், ஒன்பது நாள் வரைகூட இழுக்கும், அந்த எரிச்சலில் முதலில் உடைவது டயட்தான். கடைசிக் கோப்பையை முதலில் மத்தியானத்துக்கு முன்னால் நகர்த்துங்கள், ஒரு வாரம் கழித்து அளவைக் குறையுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்பது பொதுவான வரம்பு, கர்ப்பிணிகளுக்கு 200. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களின் உடலில் காஃபீன் இன்னும் அதிக நேரம் தங்கும் என்பதால் அவர்கள் கடைசிக் கோப்பையை இன்னும் முன்னாலேயே முடித்துக்கொள்வது நல்லது.