இரவில் மங்கிய கமரா தெளிந்தது இப்படித்தான்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள எங்கள் கடைத்தொகுதியில் கண்காணிப்புக் கமராக்கள் பகலில் ஓரளவு சரி. இரவானால் வாசலில் நிற்பவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. பூட்டியவர்கள் கமராவையே மாற்றச் சொன்னார்கள். மாற்றாமலே சரிசெய்துவிட்டேன்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கண்ணாடி மூடியில் செம்மண் புழுதி படை படையாக அப்பியிருந்தது. வன்னியில் கோடையென்றால் புழுதிக்கா பஞ்சம்! அதன்மேல் சிலந்தி வலை வேறு. இருட்டிலும் படம் பிடிக்க, கண்ணுக்குத் தெரியாத ஒளி தரும் அகச்சிவப்பு விளக்கு கமராவிலேயே உண்டு. இரவில் அது எரியும்போது, ஒளி இவற்றில் பட்டு லென்சுக்கே திரும்பி வந்து படத்தை வெளுக்கச் செய்கிறது. ஈரமான மென்துணியால் துடைத்ததுமே பாதிப் பிரச்சினை போனது.

வாசல் கமராவில் மட்டும் கோடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: பவர் சப்ளையில் 12 வோல்ட், கமரா முனையில் இரவில் 10 கூட இல்லை. அகச்சிவப்பு விளக்கு எரிந்தால் கமரா கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். தடித்த செப்பு வயர் இழுத்தேன், கோடுகள் நின்றன.

அப்புறம் பதிவுப்பெட்டி. நேரலையில் தெளிவாக இருக்கும் முகம் பதிவில் கட்டங்கட்டமாக உடைந்தது. 1080பி (முழு எச்டி) கமராவுக்கு பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு எவ்வளவு தரவு பதிய வேண்டும் என்ற அளவை, 512 கேபிபிஎஸ் (கிலோபிட்) என்று வைத்திருந்தார்கள், 4096 ஆக்கினேன். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பி, பழைய பதிவுகள் முன்னதாகவே அழியும்தான். ஆனால் ஆளை அடையாளம் காண முடியாத பதிவை மாதக்கணக்கில் வைத்து என்ன செய்வது? இப்போது வாசல் விளக்கடியில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தைக்கூட வாசிக்க முடிகிறது.