வாரண்டி ஓடுகிற காருக்கு வெளிச்சாமான் போடலாமா?

போன வருடம் புதுக்கார் எடுத்த மச்சான் ஒருநாள் காத்தான்குடியில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு எனக்கு கோல் எடுத்தான். ஏர் பில்டர் ஒன்று கம்பனி விலையில் பாதிக்குக் கிடைக்கிறது, போட்டால் வாரண்டி போய்விடுமா என்று கேட்டான். இதே கேள்வியை வேறு வேறு சாமானுக்கு இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். அவனுக்குச் சொன்ன பதில் இதுதான்: ஒரு வெளிச்சாமான், அதாவது வாகனக் கம்பனியின் அசல் அல்லாத உதிரிப்பாகம், போட்டதற்காக முழு வாரண்டியும் போவது அரிது, அந்தச் சாமான் கெடுத்த பகுதிக்குத்தான் பொதுவாகக் கம்பனி கைவிரிக்கும். ஆனால் எதைப் போட்டாய், எப்போது போட்டாய், யார் பூட்டியது என்று காட்ட உன் கையில் கடதாசி இல்லையென்றால் எந்தப் பழுதையும் அந்தச் சாமானின் தலையில் கட்டிவிடலாம்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் எல்லோரும் பழைய வாகனத்தையே கட்டி இழுத்தோம், கல்முனையில் எது கிடைத்ததோ அதைப் போட்டோம், பில் கேட்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. அந்தப் பழக்கத்தோடு புதுக்காருக்குள் ஏறினால்தான் சிக்கல்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வாரண்டி என்று பாருங்கள். ஏஜென்டிடம் நேரே வாங்கிய புது வாகனம் என்றால் கம்பனியின் வாரண்டிப் புத்தகம் ஒன்று கையில் தந்திருப்பார்கள், அதில் வருடக் கணக்கும் கிலோமீற்றர் கணக்கும் இருக்கும், இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனம் என்றால் கதை வேறு. அங்கே உள்ளூர்ப் பாவனைக்கு விற்ற காருக்குக் கொடுத்த வாரண்டி பொதுவாகக் கப்பலேறி இங்கே வருவதில்லை. வாகனம் விற்ற சேல் காரர் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் சில மாத வாரண்டி என்று சொல்லியிருப்பார், அது அவர் எழுதித் தந்ததற்கு மட்டும்தான் பெறுமதி, வாயால் சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சரி, புத்தகத்தை எடுத்து எதை வாசிப்பது? எல்லாவற்றையும் வாசிக்கப் பொறுமை இருக்காது, இரண்டு வசனத்தைத் தேடுங்கள். ஒன்று, 'அசல் அல்லாத உதிரிப்பாகங்களால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி இல்லை' என்ற மாதிரி வரும். அது அநேகமாக எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, ஏனென்றால் அது பேசுவது சேதத்தைப் பற்றி, வெளியே வாங்கிய வைப்பர் பிளேட்டினால் கியர் பெட்டி பழுதாகாது. மற்றது, 'குறித்த இடைவெளியில் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சேர்விஸ் செய்யாவிட்டால் வாரண்டி செல்லாது' என்கிற மாதிரி. இது பாரமானது. இந்த வசனம் உங்கள் புத்தகத்தில் இருந்தால் நீங்கள் ஜெனுவின் ஒயிலையும் ஜெனுவின் பில்டரையுமே வாங்கி ஊர் கராஜில் மாற்றினாலும் பிரச்சினை வரலாம். சில கம்பனிகளின் சேர்விஸுக்கு நாம் கொழும்புக்கோ கண்டிக்கோ ஓடவேண்டியிருக்கும், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஒரு ஒயில் மாற்றத்துக்காக இரண்டு நாள் போகும். அப்படியென்றால் ஏஜென்டுக்கு ஒரு ஈமெயில் போட்டு, இங்கே எந்தக் கராஜில் செய்தால் ஏற்றுக்கொள்வீர்கள், அவசரத்துக்கு ஊரில் ஒயில் மாற்றினால் என்ன காட்டவேண்டும் என்று கேளுங்கள். கோலில் கேட்டால் கோல் எடுத்த பிள்ளை நல்ல மனதோடு 'பிரச்சினை இல்லை சேர்' என்று சொல்லும், ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளை அங்கே வேலையிலேயே இருக்காது. எழுத்தில் வரட்டும்.

யூடியூபில் சிலர் அடித்துச் சொல்வார்கள், வெளிச்சாமான் போட்டதற்காக வாரண்டியை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று. அவர்கள் சொல்வது 1975இல் அமெரிக்காவில் வந்த மக்னசன்-மொஸ் வாரண்டிச் சட்டம். அங்கே அது சரி. அதை நம்பி இங்கே கவுண்டரில் போய் வாதாடினால் நேரம்தான் வீண், இங்கே உங்களுக்கு ஆதாரம் கையில் இருக்கிற புத்தகமும் பில்லும்.

அடுத்தது தேய்கிற சாமான்கள். பிரேக் பேட், வைப்பர், பல்ப், பில்டர்கள், கிளச் பிளேட், இவையெல்லாம் பாவிக்கப் பாவிக்கத் தேயும், சாதாரணத் தேய்மானத்துக்குக் கம்பனி வாரண்டியே கிடையாது. டயருக்கும் பற்றரிக்கும் பெரும்பாலும் அவற்றைச் செய்த கம்பனியின் தனி வாரண்டி. ஆக இந்த இடத்தில் தெரிவு உங்களுடையது, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது மோசமானதாக இருந்தால் பக்கத்தில் வேறு எதைக் கெடுக்கும்?

கடையில் நாலு விதமான சாமான் இருக்கும். வாகனக் கம்பனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவது ஜெனுவின். அதை உண்மையில் செய்கிற கம்பனி தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது. டொயோட்டாப் பெட்டியைத் திறந்து ஸ்பார்க் பிளக்கை எடுத்தால் அதிலேயே டென்சோ என்று அடித்திருக்கும், அப்படித்தான் ஐசின், கேஒய்பி, என்ஜிகே எல்லாம் பல வாகனக் கம்பனிகளுக்குச் செய்து கொடுத்துவிட்டுத் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். மூன்றாவது, சக்குரா, விஐசி மாதிரிச் சொந்தப் பெயரில் நிற்கிற வெளிக் கம்பனிச் சாமான். நாலாவது டூப்ளிகேட், ஜெனுவின் பெட்டி மாதிரியே அச்சடித்து வருகிற கள்ளச் சாமான். என் காருக்கு நான் தேய்கிற சாமான்களில் இரண்டாவதைத்தான் எடுப்பேன், கிடைக்காவிட்டால் ஜெனுவினுக்கே போவேன். மூன்றாவதில் நல்லதும் உண்டு, ஆனால் வாரண்டி ஓடும்போது எஞ்சினோடு தொட்ட எதற்கும் போகமாட்டேன்.

மச்சானின் ஏர் பில்டருக்கு வருகிறேன், ஏனென்றால் நம்முடைய பக்கம் இதுதான் ஆட்கள் அலட்சியமாக விடுகிற இடம். அவன் வேலைக்குத் தினமும் மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போகிறவன். கிரவல் ரோட்டில் முன்னுக்கு ஒரு டிப்பர் போனால் கண்ணாடியில் செம்மண் படியும், வேளாண்மை வெட்டுக்காலத்தில் அதோடு பதர்த்தூசும் சேரும். பில்டரின் கடதாசியைவிட அதைச் சுற்றியிருக்கிற ரப்பர் விளிம்புதான் எனக்குக் கவலை. மலிவுச் சாமானில் அந்த விளிம்பு ஒரு மில்லிமீற்றர் மெல்லியதாக இருந்தாலும் பெட்டி மூடியில் இறுகாது, பக்கத்தால் தூசி உள்ளே போகும், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரம் மாதிரித் தேய்க்கும், பிறகு எஞ்சின் ஒயில் குடிக்கும். ஏஜென்டின் ஆள் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் காற்றுக் குழாய்க்குள் தூசிப்படலம் நன்றாகத் தெரியும், அதோடு அந்த கிளெயிம் முடிந்தது. ஒயில் பூசிக் கழுவிப் பாவிக்கிற ஸ்போர்ட்ஸ் பில்டரும் வேண்டாம், ஒயில் கூடினால் காற்றோட்ட சென்சரில் படிந்து அதன் கணக்கைக் குழப்பும். படுவான்கரைப் பக்கம் ஓடுகிறவர்கள் கைநூலில் தூசிப் பாதைக்கென்று தனியாகக் கொடுத்திருக்கிற சேர்விஸ் இடைவெளியைப் பாருங்கள். அநேகமாகச் சாதாரணக் கணக்கைவிடக் கிட்டவாக இருக்கும், அதைத் தவறவிட்டாலும் வாரண்டியில் கேள்வி வரும்.

ஒயிலுக்கு வாகனக் கம்பனியின் பெயர் போட்ட கான்தான் வேண்டும் என்றில்லை. கைநூலில் சொன்ன தடிப்பும் தரமும் கானில் இருக்கவேண்டும், உதாரணமாக 0டபிள்யூ-20 என்று தடிப்பும், ஏபிஐ எஸ்பி என்று தரமும். எஸ்பி 2020இல் வந்த தரம், புதுக் காருக்கு அதற்குக் குறைந்ததைப் போட விடாதீர்கள், கராஜில் பரலில் இருந்து ஊற்றுகிற ஒயில் வேண்டவே வேண்டாம். ஒயில் பில்டருக்குள் எஞ்சின் நின்றதும் ஒயில் திரும்பி வடியாமல் பிடிக்கிற ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது, அது சரியில்லையென்றால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒயில் மேலே ஏறும்வரை சில நொடி கடகடவென்று சத்தம் கேட்கும். தினமும் அப்படி உலர்ந்து ஓடினால் பெயரிங் தேயும். ஒயில் பில்டர் ஒன்றில் மிச்சம் பிடிக்கிற காசு எனக்குப் பெறுமதியாகத் தெரியவில்லை, இதில் மட்டும் ஜெனுவினையே போடுங்கள்.

கள்ளச் சாமானைப் பிடிக்க முதல் வழி பார்ட் நம்பர். உங்கள் செஸி நம்பரை ஏஜென்டின் பார்ட்ஸ் கவுண்டருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் அநேகமாக நம்பரும் விலையும் சொல்வார்கள். டொயோட்டா நம்பர் என்றால் ஐந்து எழுத்து, ஒரு கோடு, பிறகு ஐந்து எழுத்து, 90915-வைஇசட்இசட்இ1 என்கிற மாதிரி. அதை வைத்துக்கொண்டு கல்முனையிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ விசாரியுங்கள். ஏஜென்ட் விலையில் கொஞ்சம் குறைந்தால் சரி, மூன்றில் ஒன்றுக்கு 'ஜெனுவின்' கிடைக்கிறதென்றால் அது ஜெனுவின் இல்லை. பழைய பில்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் பாரம், புரி, ரப்பர் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லடியில் எனக்கு வேலை செய்கிற பாஸ் ஐயா, 'மனே, பெட்டிய வெச்சிட்டு சாமானத் தா' என்றுதான் கை நீட்டுவார். இன்னொன்று, ஒயில் மாற்றி முடிந்ததும் வெறும் கானைக் கேட்டு வாங்கி ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள், கள்ள ஒயில் நிரப்புகிறவர்களுக்கு அந்தக் கான்தான் தேவை.

இனி வாரண்டி முடியும்வரை தொடவே கூடாதவை. சிவிடி என்கிற ஓட்டோ கியர் பெட்டியின் ஒயில் முதலாவது. நிஸ்ஸானுக்கு என்எஸ்-3, ஹொண்டாவுக்கு எச்சிஎஃப்-2, டொயோட்டாவுக்கு எஃப்இ என்று ஒவ்வொன்றும் வேறு, 'எல்லாத்துக்கும் சரிவரும்' என்று ஒருவர் சொன்னால் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். ஹைபிரிட் பற்றரி, இன்வேட்டர், அதன் கூலன்ட், இவை கம்பனி வேலை. அப்புறம் வயரிங். அலாரம், ரிவர்ஸ் கமரா, கூடின வெளிச்சப் பல்ப் என்று எதைப் பூட்டினாலும் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், பியூஸ் பெட்டியிலிருந்து தனிப் பியூஸ் கிளிப் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டின இடம் ஒன்று இருந்தால் போதும், மின்சாரப் பழுது எது வந்தாலும் அதைத்தான் காட்டுவார்கள்.

இதில் நான் பட்டிருக்கிறேன். 2018இல் ஏஜென்டிடம் எடுத்த காருக்கு டவுனில் சீற் கவர் போட்டேன், இரண்டு கிழமையில் எயார்பேக் விளக்கு விடாமல் எரியத் தொடங்கியது. கம்பனியில் பார்த்துவிட்டு, வெளியாள் கைவைத்த வயரிங், வாரண்டி இல்லை, முழு ஹார்னஸும், அதாவது வயர்க் கட்டும், மாற்றவேண்டும் என்று பெரிய கணக்கு ஒன்று சொன்னார்கள். எந்த வயரில் என்ன பழுது, சீற் கவர் அதை எப்படிக் கெடுத்தது என்று எழுத்தில் தாருங்கள், பிறகு காசு தருகிறேன் என்றேன். எழுதுவதற்காக மறுபடி சோதித்தபோதுதான் சீற்றுக்குக் கீழே இருக்கிற மஞ்சள் கனெக்டர் சரியாகப் பூட்டுப்படாமல் இருப்பதைக் கண்டார்கள். அழுத்திப் பூட்டி, பழுதுக் கோட் அழித்து, சோதனைக் கூலியோடு அனுப்பினார்கள். கவர் போட்ட பையன் சீற்றைத் தூக்கும்போது இழுத்திருக்கிறான், அந்தக் கூலி நான் கட்டவேண்டியதுதான். ஹார்னஸின் காசு கட்டவேண்டியதில்லை. சீற்றுக்குள்ளேயே பக்க எயார்பேக் இருக்கிற காருக்கு அதை மூடித் தைத்த கவர் போடுவது உயிர் ஆபத்து என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, இதைத் தயவுசெய்து எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கடதாசி வைக்கும் முறை பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் பில்லில் திகதி, வாகன நம்பர், கிலோமீற்றர், பார்ட் நம்பர் நாலும் எழுதச் சொல்லுங்கள், கடைக்காரக் காக்கா சலித்துக்கொண்டாலும் கேளுங்கள், பில் கேட்டால் தரவேண்டியது சட்டம். பெட்டியின் நம்பர் தெரிய ஒரு படம், டாஷ்போர்டில் கிலோமீற்றர் தெரிய ஒரு படம் எடுத்து உங்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள், வெயிலில் மங்கிப்போகிற பில்லுக்கும் அது காவல். விபத்தில் இன்சூரன்ஸ் மூலம் திருத்தினாலும் இதே முறை, என்ன சாமான் போடப்போகிறார்கள் என்று வேலை தொடங்கமுன் கேளுங்கள், போட்டபிறகு கேட்டுப் பயனில்லை.

கம்பனி மறுத்தால் கவுண்டரில் சத்தம் போடவேண்டாம். எந்தச் சாமான், எந்த வசனத்தின்படி, எப்படிக் கெடுத்தது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நீங்களே ஈமெயிலில் 'இன்ன திகதியில் இன்ன காரணம் சொன்னீர்கள்' என்று எழுதி அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம், மாவட்டச் செயலகத்தில் அவர்களின் அலுவலகத்திலும் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், அதனால் 'அடுத்த கிழமை பார்ப்போம்' என்று அவர்கள் இழுத்தால் நீங்களும் சேர்ந்து இழுக்காதீர்கள். கழற்றின சாமானையும் விட்டுவிட்டு வரவேண்டாம். வாரண்டியில் இலவசமாக மாற்றித் தந்தால் பழையதைக் கம்பனி எடுத்துக்கொள்ளும், மறுத்துவிட்டால் அது உங்கள் சாமான், பொலித்தீனில் சுற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.