நல்லா இருக்கும்போது எழுத மாட்டோம், சண்டை வந்தா படிக்காம கையெழுத்து போடுவோம்

கோர்ட்டு வக்கீல்னு அலையுறவங்க எல்லாரும் சட்டம் தெரியாமதான் மாட்டுனாங்கன்னு நினைக்காதீங்க, பாதிப் பேருக்கு நல்லாவே தெரியும். தப்பு நடக்குறது வேற இடத்துல. உறவு நல்லா இருக்கும்போது "நமக்குள்ள எதுக்குங்க பேப்பரு"ன்னு எழுதாம விட்டுடுவோம், அது கசந்துபோன பிறகு "எப்படியோ முடிஞ்சா போதும்"னு நீட்டுன இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டுடுவோம். டைவர்ஸ், இன்சூரன்ஸ், பிசினஸ், வாடகை வீடு, எதை எடுத்தாலும் இதே கதைதான், எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுதான் வேற.

டைவர்ஸ்ல எல்லாரும் தீர்ப்பு வந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க, அங்கதான் முதல் தப்பு. அமெரிக்காவுல ஒரு கேஸ், 2001-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஒருத்தருக்கு டைவர்ஸ் ஆகி ரெண்டு மாசம் சொச்சத்துல ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, உயில் கிடையாது, வேலை பாத்த கம்பெனி குடுத்த லைஃப் இன்சூரன்ஸ்லயும் பென்ஷன்லயும் பழைய மனைவி பேரு அப்படியே இருந்துச்சு. இந்த மனைவிக்கு முன்னாடி நடந்த கல்யாணத்துல அவருக்குப் பிறந்த பிள்ளைங்க கேஸ் போட்டாங்க. டைவர்ஸ் ஆனா பழைய பேரு தானா செல்லாம போயிடும்னு அந்த மாநிலத்துல சட்டமே இருந்துச்சு, ஆனாலும் இந்த மாதிரி கம்பெனி பெனிஃபிட் மத்திய சட்டத்துக்கு கீழ வருது, பேப்பர்ல யார் பேரு இருக்கோ அவங்களுக்குத்தான் குடுக்கணும்னு 7-க்கு 2 நீதிபதிகள் சொல்லிட்டாங்க. பேரை மாத்த ஒரு ஃபார்ம், அஞ்சு நிமிஷ வேலை! எல்லா நாட்டுலயும் இதே மாதிரி ஆகாது, சில இடத்துல நாமினின்னா பணத்தை வாங்கி வாரிசுகிட்ட குடுக்கிற ஆள் மட்டும்தான், ஆனா அதை நிரூபிக்க வாரிசுங்க கோர்ட்டுக்கு நடக்கணுமே.

அடுத்தது கூட்டுக் கடன். "வீட்டுக் கடனை அவரே கட்டுவாரு"ன்னு செட்டில்மெண்ட்ல எழுதிட்டா தப்பிச்சோம்னு நினைப்பாங்க, ஆனா பேங்க் அந்த செட்டில்மெண்ட்ல கையெழுத்து போடலையே, அவர் கட்டலன்னா பேங்க் உங்களைத்தான் தேடி வரும், நீங்க கட்டிட்டு அப்புறம் அவர்கிட்ட கேட்டு அலையணும். அதனால கடன்ல இருந்து பேரை எடுத்துட்டோம்னு பேங்க் எழுதிக் குடுக்கணும், இல்லன்னா கடனை அடைச்சு புதுசா ஒரே பேர்ல எடுக்கணும். சொத்தை மறைக்கிறது, கேஸ் நடக்கும்போது அவசரமா தம்பி பேருக்கு மாத்துறது, இதெல்லாம் புத்திசாலித்தனம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல தடம் இருக்கும், அது வெளிய வந்துட்டா நீங்க சொல்ற உண்மையையும் ஜட்ஜ் நம்ப மாட்டாரு. கேஸ் ஓடும்போது ஃபேஸ்புக்ல புலம்புறதும் டூர் போட்டோ போடுறதும் அப்படித்தான், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ற அன்னிக்கு நடக்குற தப்ப விட, பாலிசி எடுத்த அன்னிக்கு நடக்குற தப்புதான் பெருசு. ஏஜென்ட் ஃபார்மை நிரப்பிடுவாரு, நாம கையெழுத்து மட்டும் போடுவோம், சுகர் இருக்கா பிபி இருக்கான்னு கேட்ட இடத்துல "இல்ல"ன்னு டிக் ஆகியிருக்கும். உண்மையை சொல்ற கடமை இன்னிக்கு நேத்து வந்ததில்ல, 1766-ல இங்கிலாந்துல மான்ஸ்ஃபீல்ட் பிரபுங்கிற ஜட்ஜ், சுமத்ராவுல இருந்த ஒரு கோட்டைக்கு எடுத்த இன்சூரன்ஸ் கேஸ்ல இதை விளக்கமா சொன்னாரு. அந்தக் கேஸ்ல ஜெயிச்சது என்னமோ பாலிசி எடுத்தவர்தான், ஆனா அந்தத் தத்துவம் பல நாட்டுலயும் நின்னுடுச்சு. அதனால ஃபார்ம் காப்பியை வாங்கிப் படிங்க, தப்பு இருந்தா உடனே எழுதிக் குடுத்து திருத்துங்க.

நிறைய பேருக்கு தெரியாத இன்னொன்னு, குறைச்சு இன்சூர் பண்றது. வீட்டோட மதிப்பு 100-ன்னு வைங்க, பிரீமியம் மிச்சம் பண்ண 50-க்கு எடுத்தீங்க, தீப்பிடிச்சு 20-க்கு நஷ்டம். 20 வந்துடும்னு நினைப்பீங்க, சராசரி விதி, அதாவது எவ்வளவு குறைச்சு இன்சூர் பண்ணோமோ அதே விகிதத்துல நஷ்டத்தையும் குறைச்சுக் குடுக்கிற விதி, இருக்கிற பாலிசின்னா 10-தான் வரும், ஏன்னா பாதிக்குத்தானே இன்சூர் பண்ணீங்க. அப்புறம் இடிச்ச வண்டிக்காரன் குடுக்கிற காசை வாங்கிட்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்ல"ன்னு எழுதிக் குடுத்துடாதீங்க, அவன்கிட்ட வசூல் பண்ற உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போகவேண்டியது, அதை நீங்க கெடுத்துட்டா உங்க கிளெய்மே நின்னுடலாம். கம்பெனி நீட்டுற "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" பேப்பரும் அதே ரகம்தான், தொகையில உடன்பாடு இல்லன்னா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே எழுத்துல சொல்லிடணும்.

பிசினஸ்னு வந்தா, பார்ட்னர்ஷிப்ல 50-50 போட்டா கடனும் 50-50 தான்னு நினைக்கிறது ரொம்ப சகஜம். சாதாரண பார்ட்னர்ஷிப்ல அப்படி இல்ல, பார்ட்னர் தொழில் பேர்ல வாங்குன கடன் முழுசையும் கடன்காரர் உங்க ஒருத்தர்கிட்டயே கேக்கலாம், உங்க சொந்த வீடு வரைக்கும் வரலாம். இதுக்குத்தான் கம்பெனி ஆக்குறாங்க, கம்பெனி வேற முதலாளி வேறன்னு 1896-ல சாலமன்ங்கிற வியாபாரியோட கேஸ்ல, அப்போ பிரிட்டன்ல உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை உறுதியா சொல்லிடுச்சு. ஆனா அந்தச் சுவரை நம்மாளுங்களே இடிச்சுடறாங்க, கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து வீட்டுச் செலவு பண்றது ஒரு பக்கம், பேங்க் கேட்டுச்சுன்னு, கம்பெனி கட்டலன்னா நானே கட்டுறேன்னு தனிப்பட்ட கியாரண்டில கையெழுத்து போடுறது இன்னொரு பக்கம். கியாரண்டி போட்டுட்டா அந்தக் கடனுக்கு கம்பெனின்னு ஒன்னு இருந்தும் பிரயோஜனம் இல்ல. ரெண்டு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கிறப்போ யார் எப்போ எப்படி விலகுறது, விலகுறவர் பங்கை யாரு எந்தக் கணக்குல வாங்குறதுன்னு எழுதிடுங்க, கேக்கவே சங்கடமா இருக்கும், இருந்துட்டு போகட்டும்.

வாடகை வீட்டுல ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க. ஓனர் கோபத்துல பூட்டை மாத்துவாரு, கரண்ட்டை கட் பண்ணுவாரு, பல நாட்டுல அது சட்டவிரோதம், வாடகை பாக்கி வச்சவன்கிட்டயே நஷ்டஈடு குடுக்கிற நிலைமை வரும். குடியிருக்கிறவர் "ரிப்பேர் பண்ணல, அதனால வாடகை தரமாட்டேன்"னு நிறுத்துவாரு, சட்டம் அதை அனுமதிக்குதான்னு பாக்காம நிறுத்துனா காலி பண்ண வைக்க ஓனருக்கு நீங்களே காரணம் குடுத்த மாதிரி. ரிப்பேரை எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்னா அழிக்காம வைங்க. குடி போற அன்னிக்கே சுவர், குழாய், மீட்டர் எல்லாத்தையும் தேதியோட வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க, டெபாசிட் சண்டையில பாதி அதுலயே முடிஞ்சிடும். காலி பண்றப்போ சாவியை பக்கத்து வீட்டுல குடுத்துட்டு போயிடாதீங்க, சாவி வாங்கிட்டேன்னு தேதி போட்டு ஓனர் எழுதித் தர்ற வரைக்கும் வீடு உங்க கைல இருந்ததாத்தான் அவர் வாதாடுவாரு, வாடகையும் கேப்பாரு.