ரவையில் வண்டு வராமல் இருக்க

ரவை வாங்கி வந்த அன்றே மொத்தத்தையும் வெறும் வாணலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் 7, 8 நிமிடம் வறுத்துவிடுங்கள். நிறம் மாறக் கூடாது. கை பொறுக்காத சூடு ஏறி மணம் வந்தால் போதும். வண்டின் முட்டை பெரும்பாலும் ரவையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சூட்டில் முட்டை அழியும், ஈரமும் போகும். காலையில் உப்புமாவுக்கு வறுக்கிற வேலையும் மிச்சம்.

தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் கொட்டுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்: வெதுவெதுப்பாக மூடினால் உள்ளே வேர்த்து, ரவை கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும். நெய்யில் வறுத்து வைப்பதும் வேண்டாம், நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். ஏற்கெனவே புழு நெளிந்து நூல் கட்டிய ரவைக்கு இது உதவாது, அதைக் கொட்டிவிடுங்கள்.