பெரிய வீட்டுக்கு மாறும்போது கடன் தாங்குமா? சென்னைக் கணக்கு

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இரண்டு படுக்கையறை போதவில்லை என்றதும் பலரும் நேரே வங்கிக்குப் போய் "எங்களுக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பழைய வீட்டை விற்றால் கையில் எவ்வளவு மிஞ்சும், புது வீட்டுச் சாவி கைக்கு வருவதற்குள் எவ்வளவு போகும் என்ற இரண்டு தொகைகளும் முதலில் தெரிய வேண்டும். எந்த விலை வீட்டைப் பார்க்கப் போகலாம் என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். புறநகரில் இருக்கும் 2 பிஹெச்கே ஃபிளாட் 55 லட்சத்துக்கு விலைபோகிறது. அதன்மேல் வீட்டுக் கடன் பாக்கி 14 லட்சம். புரோக்கர் கமிஷன் 1 சதவீதம், அதாவது 55,000. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் முன்கூட்டிய வருமான வரி, பிடித்துக்கொள்வார். அது இன்னொரு 55,000. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழியும் அல்லது திரும்பி வரும், ஆனால் இப்போதைக்குக் கையில் இருக்காது. மிச்சம் 39.9 லட்சம்.

வங்கி தராத செலவுகள்

வாங்க நினைப்பது 1,350 சதுர அடியில் 3 பிஹெச்கே, மறுவிற்பனை ஃபிளாட், விலை 95 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் வங்கி தரலாம். பத்திரச் செலவை இந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் 95 லட்ச வீட்டை 88 லட்சம் என்று எழுதிக் கொடுத்தால், சதவீதம் அந்த 88 லட்சத்துக்குத்தான். முன்பணம் கொடுத்த பிறகு பலர் திணறும் இடம் இது.

தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 95 லட்சத்துக்கு 8.55 லட்சம். கமிஷன் 95,000. வக்கீல் கருத்து, வங்கியின் செயலாக்கக் கட்டணம், அடமானத்தைப் பதிவுசெய்யும் எம்ஓடி செலவு எல்லாவற்றுக்கும் 60,000 ஒதுக்குவோம். பெயிண்ட், மர வேலை, ஏசி மாற்றுவது, சாமான் ஏற்றி இறக்குவது என 5 லட்சம். ஆக மொத்தம் 110.1 லட்சம். கையில் இருக்கும் 39.9 லட்சத்தைக் கழித்தால் 70.2 லட்சம் கடன் வேண்டும்.

கட்டுநரிடமிருந்து நேரடியாகப் புது ஃபிளாட் வாங்கினால் கணக்கு மாறும். 2023 டிசம்பரிலிருந்து முதல் விற்பனைக்குக் கூட்டு மதிப்பு முறையில் (நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகக் கணக்கிடுவது) முத்திரைத் தீர்வை குறைவு: 50 லட்சம் வரை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் அதே 2 சதவீதம். ஆனால் நிறைவுச் சான்றிதழ் வராத கட்டடம் என்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். அதோடு வீடு தயாராகும்வரை வாடகையோ பழைய இஎம்ஐயோ ஒரு பக்கம், புதுக் கடனின் வட்டி மறு பக்கம். இந்த இரட்டைச் சுமையை மாதக்கணக்கில் எழுதிப் பார்க்காமல் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டில் இறங்காதீர்கள்.

மாதத் தவணை

மனதில் வைத்துக்கொள்ள ஓர் எண் போதும்: 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ 868 ரூபாய். 15 வருடம் என்றால் 985. விளம்பரத்தில் வட்டி இதைவிடக் குறைவாக இருந்தாலும் கணக்கை 8.5-இலேயே போடுங்கள். 70.2 லட்சத்துக்கு மாதம் சுமார் 60,900.

இதிலேயே இன்னொரு உண்மையும் தெரியும். வீட்டு விலை 10 லட்சம் ஏறினால் பத்திரமும் கமிஷனும் சேர்ந்து 11 லட்சம் கூடுதல். கையிருப்பு மாறாததால் அது அத்தனையும் கடன். மாதம் ஏறத்தாழ 9,500. "இன்னும் பத்து லட்சம்தானே, பால்கனி பெரிசா இருக்கு" என்று தோன்றும் நேரத்தில் இந்த 9,500-ஐ இருபது வருடம் கட்டுவதாக நினைத்துப் பாருங்கள்.

பல வங்கிகள் கையில் வரும் சம்பளத்தில் பாதிவரை, வருமானம் அதிகமென்றால் அதற்கு மேலும் எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து அனுமதிக்கும். வீட்டுக்குப் பாதுகாப்பான அளவு அதைவிடக் குறைவு. கார் லோன், தனிநபர் கடன் உட்பட அத்தனை இஎம்ஐயும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணவனுக்கு 95,000, மனைவிக்கு 65,000 சம்பளம் என்றால் 60,900 என்பது 38 சதவீதம். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஒருவர் வேலையை விட நேர்ந்தால், 95,000-இல் அது 64 சதவீதம். அப்படி ஒரு நிலைமை வரக்கூடிய குடும்பம் என்றால் 85 லட்ச வீட்டைப் பாருங்கள். கடன் 59.2 லட்சமாகவும் இஎம்ஐ சுமார் 51,400-ஆகவும் இறங்கும்.

வட்டி ஏறுவதையும் சோதிக்க வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. வங்கிகளின் மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. 8.5 என்பது 10.5 ஆனால் அதே 70.2 லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 70,000. வங்கி பெரும்பாலும் இஎம்ஐயைத் தொடாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது ஓய்வு வயதில் போய் இடிக்கும். இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்வுசெய்யும் உரிமை உங்களுடையது. எழுத்தில் கேளுங்கள்.

பெரிய வீடு தவணையோடு நிற்பதில்லை. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 4 ரூபாய் என்றாலே 1,350 சதுர அடிக்கு மாதம் 5,400. அரையாண்டுச் சொத்து வரியும் கூடும். இன்னோர் ஏசி ஓடினால் மின்கட்டணம் மேல் அடுக்குக்குத் தாவும். இவற்றையும் சேர்த்து, இப்போது கட்டுவதைவிட எவ்வளவு கூடுதலாகும் என்று பாருங்கள். அந்தக் கூடுதலை ஆறு மாதம் ஒரு ஆர்டியில் போட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு மாதம் போட முடியாமல் போனால் உங்கள் அளவு அதைவிடச் சிறியது. முடிந்தால், அதுவே ஆறு மாத அவசர நிதிக்கு அடித்தளம்.

முதலில் விற்பதா, வாங்குவதா

விற்பனை ஒப்பந்தம் கையில் இல்லாமல் புது வீட்டுக்குப் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய வீடு நினைத்த விலைக்குப் போகாமல் மூன்று மாதம் இழுத்தாலே முன்பணம் முழுகும் அபாயம் உண்டு. சில வங்கிகள் இடைக்காலத்துக்கு பிரிட்ஜ் லோன் தருகின்றன, வட்டி அதிகம். வாங்குபவர் உறுதியாகக் கிடைத்த பிறகு சில வாரங்களை ஓட்ட மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வாங்கும் ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். விற்கும் ஒப்பந்தத்தில், பதிவுக்குப் பின் ஒன்றிரண்டு மாதம் குடியிருக்க அனுமதி கேளுங்கள்.

பழைய வீட்டின் மூலப்பத்திரம் வங்கியில்தானே இருக்கிறது? கடன் முடிப்புத் தொகைக் கடிதமும், வங்கியிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வாங்குபவரின் வங்கி முதலில் கேட்பது அவைதான். கடன் முடிந்ததும் எம்ஓடியை ரத்துசெய்யும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அது விட்டுப்போனால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நின்று, வாங்குபவர் பின்வாங்குவார்.

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்ற ஆதாயத்தைப் புது வீட்டில் போட்டால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு. விற்பதற்கு முன் ஒரு வருடத்துக்குள்ளோ, விற்ற பின் இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால் பணத்தை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டு வையுங்கள். சாதாரண எஃப்டி செல்லாது. பழைய வீடு யார் பெயரில் இருந்ததோ அவர் பெயர் புதுப் பத்திரத்திலும் இருக்கட்டும். புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் விலக்கு பறிபோகும்.

"பத்திரத்தில் எழுபது, மீதி ரொக்கம்"

மறுவிற்பனையில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. 95 லட்ச வீட்டை 70 என்று காட்டினால் பதிவில் 2.25 லட்சம் மிச்சம்போலத் தெரியும். வங்கியோ 70-க்கு 80 சதவீதம், அதாவது 56 லட்சம்தான் தரும். மேலே சொன்ன கணக்கில் அது பன்னிரண்டு லட்சத்துக்குப் பள்ளம். தனிநபர் கடனில் அதை அடைக்கப் போய்த்தான் நல்ல சம்பளக்காரர்கள் மூழ்குகிறார்கள். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 70 என்றே கணக்காகி, ஆதாயம் பெரிதாகத் தெரியும். விற்பவராக இருக்கும்போதும் உஷார்: வீடு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கையெழுத்துப் போடும் நாளில் வங்கி ஒரே தவணைக் காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்து நீட்டும். அது கட்டாயமில்லை. கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் பாலிசியைத் தனியாக எடுத்துக்கொண்டால், பிரீமியத்துக்கு இருபது வருடம் வட்டி கட்டத் தேவையில்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதமும் கிடையாது. டிடிஎஸ் திரும்பி வந்தால் அந்த 55,000-ஐ முதல் வருடத்திலேயே அசலில் கட்டி, இஎம்ஐயை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.