சுனாமி மாடலிங்: மேடுபள்ளமான கடலடியில புதுசா வர்றவங்க பண்ணுற தப்புகள்

சுனாமி மாடலிங், அதாவது அலை எப்படி பரவும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது, புதுசா ஆரம்பிச்ச சில பசங்களோட ரிசல்ட்ட சமீபத்துல பார்த்தேன், இந்த ஃபீல்டுல எல்லாரும் ஆரம்பத்துல விழுற அதே குழியில தான் இவங்களும் விழுறாங்க. யூனிட்ட மாத்தி போடுறது, அட்சரேகை தீர்க்கரேகைய இடம் மாத்துறது எல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, படம் வரைஞ்சாலே தெரிஞ்சிடும். படம் அழகா வந்து ஏமாத்துற தப்பு தான் ஆபத்து.

சும்மா நிக்கிற தண்ணிய ஓட விடுறது

இத எத்தனை தடவ பார்த்தாலும் எனக்கு கோவம் வரும், ஏன்னா மாசக்கணக்குல பண்ண வேலைய மொத்தமா தூக்கிப் போட வைக்குற தப்பு இது.

நீளமான அலைக்கு ஷாலோ வாட்டர் சமன்பாடு போடுறோம். கடலடி சமமா இல்லேன்னா அதுல ரெண்டு பெரிய டெர்ம் எதிரெதிரா நிக்கும், ஒன்னு தண்ணியோட அழுத்தத்துல இருந்து வர்ற ஃப்ளக்ஸ் (கட்டத்தோட ஓரத்த கடக்குறது), இன்னொன்னு தரைச் சரிவுல இருந்து வர்ற ஸோர்ஸ் டெர்ம். அலையே இல்லாத கடல்ல ரெண்டும் மிச்சமில்லாம கழியணும். பேப்பர்ல கழியும், ஆனா கோட்ல ஃப்ளக்ஸ ஒரு மாதிரியும் சரிவ வேற மாதிரியும் எழுதினா கழியாது.

கணக்கு போட்டே பாருங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டு செல் (கடல பிரிச்ச கட்டம்), ஒன்னு 1000 மீட்டர் ஆழம், இன்னொன்னு 900. ஆழத்தோட வர்க்கத்துல பாதிய 9.8-ஆல (புவியீர்ப்பு) பெருக்கி வித்தியாசம் எடுத்தா 9,31,000. சரிவு டெர்முக்கு சராசரி ஆழம் 950 போட்டா அதுவும் 9,31,000, சுத்தமா கழிஞ்சிடும். ஒரு பக்கத்து 1000-ஐ மட்டும் எடுத்துப் போட்டா 9,80,000, மிச்சம் 49,000. செல் 1 கிலோமீட்டர் அகலம்னா, அசையாம இருக்குற தண்ணிக்கு ஒவ்வொரு செகண்டும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் வேகம் கூடிக்கிட்டே போகுதுன்னு அர்த்தம். 2004 சுனாமிய ஜேசன்-1 சாட்டிலைட் நடுக்கடல்ல அளந்தப்போ உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் தான், 4000 மீட்டர் ஆழத்துல அந்த உயரத்துக்கு தண்ணியோட வேகம் செகண்டுக்கு 3 சென்டிமீட்டர். ஒரே செகண்ட்ல பொய் நிஜத்த தாண்டிடுச்சு.

சராசரி போட்டதோட விஷயம் முடியாது. லாக்ஸ்-ஃப்ரீட்ரிக்ஸ் மாதிரி ஸ்கீம் (கணக்கு போடுற முறை) பக்கத்து செல் ஆழ வித்தியாசத்தையே அழிக்கப் பார்க்கும், ஆனா அந்த 100 மீட்டர் வித்தியாசம் கடலடியோடது, அலையோடது இல்ல. அதனால ஆழத்த விட்டுட்டு நீர்மட்டத்தோட வித்தியாசத்த எடுக்கணும். பெர்முதெஸும் வாஸ்கெஸும் 1994-லயே இந்த சமநிலைய ஒரு கண்டிஷனா எழுதி வச்சுட்டாங்க, 2004-ல ஓதுஸ் குழு சொன்ன, அந்த சமநிலைய காப்பாத்துற ஹைட்ரோஸ்டாட்டிக் ரீகன்ஸ்ட்ரக்ஷன இன்னிக்கு யார் வேணா ஒரு நாள்ல கோட் பண்ணிடலாம். அப்புறமும் இந்த தப்பு வருதுன்னா எரிச்சல் வராம என்ன பண்ணும்?

ஒரு பையன் கண்டச்சரிவு ஓரத்துல இருந்து அலை கிளம்புற படத்த காட்டி "அண்ணா, இது ரிஃப்ளெக்ஷன்"னு சொன்னான். நம்புற மாதிரி தான் இருந்துச்சு, ஏன்னா 3000 மீட்டர்ல இருந்து 100 மீட்டருக்கு சட்டுனு ஏறுற படியில வர்ற அலையோட உயரத்துல 69 சதவீதம் நிஜமாவே திரும்பும். ஆனா சுனாமி அங்க வந்து சேரவே இல்ல, அதுக்குள்ள எப்படிப்பா திரும்பும்? நேரத்த பாருன்னு சொன்னதும் அவன் முகம் மாறிடுச்சு.

இதுக்கு அடுத்து பண்ணுறது இன்னும் மோசம், பொய் அலை அடங்கணும்னு கடலடிய ஸ்மூத் பண்ணிடுறாங்க. படம் சுத்தமாயிடும், கூடவே புதுச்சேரி, கடலூருக்கு வெளிய இருக்குற கடலடிப் பள்ளத்தாக்கும் மழுங்கிப் போயிடும், அலைய எங்க குவிக்கணும் எங்க பிரிக்கணும்னு முடிவு பண்ணுறதே அது தான். 1993-ல ஜப்பானோட ஒகுஷிரி தீவுல மோனாய்ங்கிற இடத்துல தண்ணி 30 மீட்டருக்கு மேல ஏறுச்சு, காரணம் ஒரு குட்டி பள்ளத்தாக்கு, ஸ்மூத் பண்ணா முதல்ல காணாம போறது அந்த மாதிரி இடம் தான்.

அதனால எந்த ரன்னுக்கும் முன்னாடி, உங்களோட நிஜ பாதிமெட்ரிய (கடலடி ஆழ டேட்டா) போட்டு, கரையும் சேர்த்து, அலையே இல்லாம மாடல் நேரத்துல சில மணி நேரம் ஓட விடுங்க. எல்லா செல்லுலயும் வேகம் ரவுண்டிங் அளவுல தான் இருக்கணும். சமதரையில டெஸ்ட் பண்ணிட்டு பாஸ்னு சொல்லாதீங்க, அங்க கழிய வேண்டியதே எதுவும் இல்ல.

டைம் ஸ்டெப்

ஒரு ஸ்டெப்ல அலை ஒரு செல்லுக்கு மேல தாண்டக் கூடாது, அதனால எவ்ளோ நேரம் தாவலாம்னு ரொம்ப ஆழமான செல் தான் முடிவு பண்ணும்: 4000 மீட்டர்ல அலை செகண்டுக்கு 198 மீட்டர் போகும், 1 கிலோமீட்டர் கிரிட்டுக்கு 5 செகண்ட் தான் உச்சம்.

இன்டர்போலேஷன்

ஜெப்கோங்கிற உலகக் கடலடி ஆழ டேட்டாவுல புள்ளிகளுக்கு இடைவெளி சுமார் 450 மீட்டர். நடுவுல இருக்குற புள்ளிகள கணக்கா நிரப்பி அத 10 மீட்டர் கிரிட்டுக்கு இழுத்தாலும் புது தகவல் வராது.

டேட்டம்

டேட்டம்னா அளக்கத் தொடங்குற மட்டம். கடல் சார்ட்ல ஆழம் தாழ்நீர்மட்டத்துல இருந்து அளந்தது, தரை உயரம் சராசரி கடல்மட்டத்துல இருந்து. அப்படியே ஒட்டினா, ஓத ஏற்ற இறக்கம் கம்மியான நாகப்பட்டினத்துல தப்பு சின்னதா தெரியலாம், காம்பே வளைகுடாவுல அதுவே பல மீட்டர், ஊரே இடம் மாறிடும்.

டிஸ்பர்ஷன்

2004 மாதிரி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பிளந்த பூகம்பத்துக்கு ஷாலோ வாட்டர் பெரும்பாலும் போதும். கடலடி நிலச்சரிவுன்னா அலைநீளம் குறைவா இருக்கும், நீளம் குறைஞ்ச அலை பின்தங்கும் (இது தான் டிஸ்பர்ஷன்), அத இந்த சமன்பாடு காட்டவே காட்டாது. அப்போ இந்த பின்தங்குறதையும் கணக்குல எடுக்குற பூசினெஸ்க் வகை சமன்பாட்டுக்கு போங்க, ஆழம் மாறுற கடலடிக்குன்னே பெரிக்ரின் 1967-ல எழுதினது இருக்கு. சமதரைக்கு எழுதின வடிவத்த எடுத்து ஆழத்த மட்டும் மாத்திப் போடாதீங்க, சரிவோட டெரிவேட்டிவ் டெர்மெல்லாம் அதுல கிடையாது.