கொடிமலை ரயிலை வைத்து இயக்க வரைபடம் பழகுவோம்

படிவம் 4 இயற்பியலில் பல பிள்ளைகள் திணறும் இடம் இயக்க வரைபடம், அதாவது ஒரு பொருள் நகர்வதை நேரத்தோடு சேர்த்துக் காட்டும் கோடு. சூத்திரம் மனப்பாடமாக இருக்கும். கோட்டைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்ல வராது. ஒரு தாளும் ரூலரும் எடுங்கள். பினாங்கு கொடிமலை ரயிலை வைத்தே பழகலாம்.

அந்தத் தண்டவாளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து ஏறும்போது மற்றது உச்சியிலிருந்து இறங்கும். நடுவில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து வழிவிடும். கணக்குக்காக, பயணம் 400 விநாடி, வேகம் சீரானது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அச்சுகளுக்குப் பெயர் எழுதுங்கள். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் அடிவாரத்திலிருந்து அளந்த இடப்பெயர்ச்சி. ஏறும் பெட்டிக்கு (0, 0) முதல் (400, 2000) வரை கோடு போடுங்கள். சாய்வு 2000 ÷ 400 = 5. அதுதான் திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்), விநாடிக்கு 5 மீட்டர். இறங்கும் பெட்டியின் கோடு (0, 2000) முதல் (400, 0) வரை, சாய்வு −5. கழித்தல் குறி வந்ததால் வேகம் குறைந்துவிடவில்லை, திசைதான் மாறியது. இரண்டு கோடுகளும் 200-ஆவது விநாடியில், 1000 மீட்டரில் வெட்டிக்கொள்கின்றன. பெட்டிகள் ஒன்றையொன்று கடக்கும் இடம் அதுவே. வழியில் ரயில் நின்றால் கோடு படுத்துவிடும். ஒரே வடம் என்பதால் மற்றதன் கோடும் அதே நேரத்தில் படுக்கும்.

சரி, இப்போது இன்னொரு தாள்: திசைவேகம்–நேரம். அதே பயணத்துக்கு இங்கே +5-இல் ஒரு படுத்த கோடு, −5-இல் ஒரு படுத்த கோடு. தயவுசெய்து இந்த இடத்தில் நிதானியுங்கள். முதல் தாளில் படுத்த கோடு என்றால் ரயில் நிற்கிறது. இங்கே மாறாத திசைவேகத்தில் ஓடுகிறது. நின்றுவிட்டால் கோடு நேர அச்சின் மேலேயே கிடக்கும். இந்தத் தாளில் கோடுகள் வெட்டிக்கொண்டால் சந்திப்பு என்று எழுதாதீர்கள். அந்தக் கணத்தில் இரண்டின் திசைவேகமும் சமம், அவ்வளவுதான்.

உண்மையில் ரயில் நின்ற நிலையிலிருந்துதான் கிளம்பும். 10 விநாடியில் 0-இலிருந்து 5-க்கு வந்தால் சாய்வு 0.5. இங்கே சாய்வு என்பது முடுக்கம், அதாவது விநாடிக்கு விநாடி திசைவேகம் மாறும் அளவு. கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பு ½ × 10 × 5 = 25; அந்த 10 விநாடியில் ரயில் நகர்ந்தது 25 மீட்டர். இதே தொடக்கம் முதல் தாளில் நேர்கோடாக வராது, மேல்நோக்கி வளைந்து, சாய்வு கூடிக்கொண்டே போகும்.

அப்புறம், ஏறிய பெட்டியே திரும்பி இறங்குவதையும் இரண்டாவது தாளில் சேர்த்து வரையுங்கள். அச்சுக்கு மேலே பரப்பு 2000, கீழே 2000. குறியோடு கூட்டினால் இடப்பெயர்ச்சி 0. குறியை விட்டுக் கூட்டினால் தூரம் 4000 மீட்டர்.